பச்சை விளக்கும் நெத்திலிக் கருவாடும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தொன்று. குருவுக்குத் தாடி கிடையாது, ஏனென்றால் அவள் பெயர் ஜெபசெல்வி.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ஊரார் வலைத்தளங்களை எங்கள் மெஷின்களில் வைத்து நடத்திக் கொடுப்பது தொழில். நான் அங்கே படம், எழுத்து அலங்காரம் பார்க்கிறவன். குருவின் மேஜைக்கும் சீடரின் மேஜைக்கும் நடுவில் என் மேஜை. அவர்கள் பேசுவது எல்லாம் என் காதில் விழும். விழாவிட்டாலும் விழ வைத்துக்கொள்வேன்.

சீடர் ஆவுடையப்பன், நெற்றி நிறையத் திருநீறு, நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷம் மேஸ்திரி. ஆலையை மூடிவிட்டார்கள். மூன்று வருஷம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, ஜெபசெல்வி நடத்திய மாலை வகுப்பில் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தார். அவள்தான் இங்கே கூட்டிவந்தாள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆறாவது மாதத்தின் கடைசி நாள்தான் அந்த வியாழக்கிழமை.

"சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்துல திறப்பு விழா. மேடையில பட்டனை அமுக்கினா 'மணப்பந்தல்' திறக்கணும். திறந்தா வேலை உமக்கு. திறக்கலைன்னா நாளைக்கு வரவேண்டாம்வே" என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

மணப்பந்தல் என்பது வரன் தேடும் தளம். ஒரு சங்கத்துக்காக நாங்கள் செய்தது.

ஆவுடையப்பன் என் பக்கம் திரும்பி, "தம்பி, மறுபடியும் காலைல பத்து மணிக்கு வீட்டுல உக்காந்து, பொஞ்சாதி தூத்துப் பெருக்கையில காலைத் தூக்கிக்கிட்டு இருக்க என்னால முடியாது" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். வெளியிலிருந்து வருகிறவர்களை எங்கள் முன்வாசல் சர்வர்தான் வரவேற்கும். அதை ரிவர்ஸ் பிராக்ஸி என்பார்கள். பந்திக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஓடுகிற ஆள் மாதிரி, அது உள்ளே இருக்கும் மெஷினிடம் கேட்டு வாங்கிவந்து வெளியே கொடுக்கும். உள்ளே மெஷின் ஒன்றுதான். அதில் குடியிருப்பவை மூன்று தளங்கள். ஒன்று மணப்பந்தல். இன்னொன்று பழைய பைக் விற்கிறது. மூன்றாவது 'நீங்கா நினைவு', கண்ணீர் அஞ்சலி அறிவிப்புகளுக்கானது.

முன்பு மூன்றுக்கும் தனித்தனி வாசல். போன வாரம் முதலாளியிடம் யாரோ பாதுகாப்பு, பாதுகாப்பு என்று ஓதிவிட்டார்கள். உள்ளே மெஷினும் மெஷினும் பேசுவதுகூட இனி யாரும் ஒட்டுக்கேட்க முடியாத பூட்டிய பேச்சாக இருக்கணும் என்று உத்தரவு வந்தது. மூன்று வாசலையும் எடுத்துவிட்டு, பூட்டுப் போட்ட ஒரே வாசல் வைத்தார்கள். வைத்த வேலை ஆவுடையப்பனுடையது.

காலை பத்தரைக்குப் பார்த்தால் மணப்பந்தல் திறக்கவில்லை. உள்ளேயிருந்து சரியான பதில் வரவில்லை என்பதற்கு அடையாளமாக ஐந்நூற்று இரண்டு என்று பெரிதாக ஒரு நம்பர் மட்டும் நின்றது.

"டீச்சர், ஏன் இப்படி?"

"லாக்ல என்ன எழுதியிருக்கு?" மெஷின் நடந்ததை எல்லாம் எழுதிவைக்கும் நாட்குறிப்பைத்தான் டீச்சர் கேட்டாள்.

"உள்ள இருக்கிற மெஷின் காட்டுற சர்ட்டிபிகேட்டை முன்வாசல் சர்வர் நம்ப மாட்டேங்குது. அடையாள அட்டை சரியில்லையாம்."

"அட்டையில யாரு பேரு?"

"பேரு கிடக்கட்டும் டீச்சர். நம்ம கட்டடம், நம்ம மெஷின், நடுவுல எட்டடி வயர். அதுக்கு அட்டை கேக்கலாமா? வீட்டுக்குள்ள அடுப்பங்கரைக்குப் போக யாராவது ரேஷன் கார்டு காட்டுவாங்களா?"

ஜெபசெல்வி தன் மேஜைப் பக்கம் திரும்பிவிட்டாள். கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பத்து நிமிஷத்தில் ஆவுடையப்பன் இணையத்தில் எங்கோ தேடி, அட்டையைச் சரிபார்க்காதே என்று ஒரு வரி எழுதிப் போட்டார். ஐந்நூற்று இரண்டு போய்விட்டது. கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல். உடனே முதலாளிக்குப் போன்.

"முதலாளி, ஓடுது!"

"சபாஷ்வே! இழுக்காம ஒரே வார்த்தையில சொன்னீரு பாரும், அதான் வேணும்."

போனை வைத்துவிட்டு டீச்சர் முன்னால் போய் நின்றார். "ஒரே வரிதான் டீச்சர். ஆமா, இந்தச் சரிபார்க்கிற வேலையெல்லாம் எதுக்கு வச்சிருக்கான்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பாடு கொண்டாந்தியளா அண்ணாச்சி?"

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. டீச்சர் எப்போதும் இப்படித்தான்.

"இல்ல டீச்சர், காலைல இருந்த பதட்டத்துல வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

"நான் எடுத்துவரச் சொல்லுதேன்" என்று காவலாளி மாடக்கண்ணுவைக் கூப்பிட்டாள். "மாடக்கண்ணு மாமா, பெருமாள் கோயில் தெருவுல பதினாலாம் நம்பர். ஆபீஸ்ல இருந்து வாரேன், சாப்பாடு குடுங்கன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க. யாரு என்ன குடுத்தாலும் வாங்கிட்டு வாங்க."

"யாரு வீட்டுச் சாப்பாடுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

மாடக்கண்ணு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டரைக்கு மூன்றடுக்குத் தூக்குச்சட்டி வந்தது. ஆவுடையப்பன் கையலம்பி, நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டு, மூடியைத் திறந்தார். அந்த வாசனை மாடி முழுக்கப் பரவியது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

பிறந்ததிலிருந்து முட்டை ஓட்டைக்கூட மிதிக்காத மனுஷன். துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஐயோ சிவசிவா! யாரு வீட்டுச் சாப்பாடு இது?"

"பதினாலாம் நம்பர்தானே" என்றார் மாடக்கண்ணு, ஒன்றும் புரியாமல். "உள்ள நுழைஞ்சதும் முதல் கதவைத் தட்டினேன். ஒரு அம்மா திறந்துச்சு. ஆபீஸ் சாப்பாடுன்னேன். ரெடியா வச்சிருந்துச்சு, குடுத்துட்டு."

"பதினாலு ஒரு வளவு, வே! உள்ள அஞ்சு குடித்தனம். முதல் வீடு பாங்குல வேலை பாக்குற சூசையோடது. அவருக்கு நித்தம் சாப்பாடு எடுக்க ஆள் வரும். அந்தச் சட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கீரு!"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

ஜெபசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் சத்தம் போடுதிய அண்ணாச்சி? சாப்பாடு கேட்டோம். வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு, ஆனா..."

"சட்டி நிறைய இருக்கா?"

"இருக்கு டீச்சர், ஆனா கருவாடு!"

"பச்சை விளக்கு எரியுதுல்ல."

விழுந்த நாற்காலியை ஆவுடையப்பன் தூக்கி நிறுத்தினார். பிறகு மெதுவாகத் தன் மேஜைக்குப் போனார். காலையிலிருந்து முதல் தடவையாக மணப்பந்தலைத் தானே திறந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

மேலே மணப்பந்தல் முகவரி. கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் படம். 'இறைவனடி சேர்ந்தார்' என்று கொட்டை எழுத்து. பொண்ணு பார்க்க வருகிற குடும்பத்தைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது எங்கள் தளம்.

அவருக்கு முகமே வெளிறிவிட்டது. "காலைலேருந்து இதுதான் ஓடுதா?"

"பத்தே முக்கால்லேருந்து" என்றாள் டீச்சர். "மாமா, அந்தச் சட்டியைக் கொண்டுபோய்ச் சூசை சார்ட்ட பாங்குல குடுத்துருங்க. நான் போன் பண்ணிச் சொல்லியாச்சு. திரும்பி வரும்போது அண்ணாச்சி சாப்பாட்டை எடுத்துட்டு வாங்க."

ஆவுடையப்பன் போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "டீச்சர், சத்தம் காட்டாம சரிபண்ணிட்டா முதலாளிக்குத் தெரியவா போகுது?"

அவள் தன் வேலையைப் பார்த்தாள்.  ஆவுடையப்பன் நம்பரை அழுத்தினார்.

"முதலாளி, காலைல ஓடுதுன்னு சொன்னது தப்பு. பாக்காம சொல்லிட்டேன்."

முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. கடைசியில் மட்டும், "நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில கூப்பிடுவேன். ஓடுதா, இல்லையா? ஒரே வார்த்தை. இழுத்தீருன்னா ஆளை விடும்" என்றார்.

போனை வைத்ததும் ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். உள்ளே இருப்பவை மூன்று குடித்தனம், பெயர் சொல்லாமல் போனால் முதலில் குடிவந்த நீங்கா நினைவுதான் எட்டிப் பார்க்கும் என்பது இப்போதுதான் அவர் மண்டையில் ஏறியிருந்தது. வாசலுக்குள் போனதும் 'மணப்பந்தல் வேணும்' என்று கேட்கும்படி ஒரு வரி எழுதினார். தாசில்தார் போய் மணப்பந்தல் வந்துவிட்டது. மாலை, மேளம், பதிவுப் படிவம், எல்லாம் சரி. மணி இரண்டரை.

"டீச்சர், வந்துட்டு! இந்தத் தடவை கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"சரிபாக்க வேண்டாம்னு போட்ட வரி?"

"அது... அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"யாரு வீட்டுச் சட்டி வந்தாலும் வாங்கிக்கிடட்டும்னு சொல்லுதிய."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியை எடுத்தார். ஐந்நூற்று இரண்டு திரும்ப வந்து நின்றது.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்த வரியைப் போட்டால் திறக்கிறது, எடுத்தால் அடைக்கிறது. காலையில் டீச்சர் கேட்டாளே என்று இப்போது லாக்கை ஒழுங்காக வாசித்தார். அட்டையில் இருந்த பெயர் நீங்கா நினைவு. "மணப்பந்தல்னு கேக்கச் சொல்லியாச்சே, பிறகும் ஏன் இழவு வீட்டு அட்டையையே நீட்டுது?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் கோபம்கூட வந்தது. தெரிந்தவள் பக்கத்தில் இருக்கிறாள், சொல்லித் தொலைத்தால் என்ன?

மூன்றரைக்கு மாடக்கண்ணு வியர்த்து வடிய வந்து, வேறொரு தூக்குச்சட்டியை வைத்தார்.

"ஏன் இவ்வளவு நேரம் மாமா?" என்றாள் டீச்சர்.

"பாங்குல சூசை சார் உக்கார வச்சிட்டாரு. தான் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் விட்டாரு. அப்புறம் வளவுக்குப் போனேன். இந்தத் தடவை உஷாரு. எந்தக் கதவையும் தட்டல. வெளிவாசல்லயே நின்னு, ஆவுடையப்பன் வீடு எதுன்னு ஒரு சத்தம் போட்டேன். நாலாவது கதவு மட்டும் திறந்துச்சு. அந்த அம்மாவும் லேசுல குடுக்கல. என் காக்கிச்சட்டையில இருக்கிற ஆபீஸ் பேரை வாசிச்சிட்டுத்தான் குடுத்துச்சு."

ஆவுடையப்பன் தலையைத் தூக்கினார். "என்ன சொன்னீரு?"

"காக்கிச்சட்டையில..."

"அதுக்கு முந்தி!"

"வெளிவாசல்லயே நின்னு பேரைச் சொன்னேன். உள்ள போயிச் சொன்னா முதல் வீட்டுக்காரிதானே முந்திக்கிட்டு வாரா."

ஆவுடையப்பன் சாப்பாட்டைத் தொடவில்லை. கீபோர்டை இழுத்தார். பூட்டைத் திறக்க இரண்டு மெஷினும் முதலில் கைகுலுக்கும்போதே, இன்ன பெயரைத் தேடி வந்திருக்கிறேன் என்று முன்வாசல் சர்வர் சொல்லும்படி ஒரு வரி எழுதினார். உள்ளே போன பிறகு இல்லை, வாசலிலேயே. அட்டையைச் சரிபார்க்காதே என்ற வரியையும் அடியோடு எடுத்துவிட்டார்.

திறந்தது. அட்டையில் மணப்பந்தல் என்று பெயர். கையெழுத்து சரி, தேதி சரி. மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது, மறைப்பானேன்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. போன் அடித்தது. ஆவுடையப்பன் எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"என்னவே, சங்கத் தலைவரு பட்டன் பக்கத்துல நிக்காரு. ஓடுதா, இல்லையா?"

பத்து நிமிஷத்துக்கு முன்னால் நானே பார்த்தேன், ஓடியது. ஓடுது என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லுங்க அண்ணாச்சி என்று என் வாய் வரை வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் முதலாளி" என்றார் ஆவுடையப்பன். "திறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

"யோவ்! ஒரே வார்த்தைன்னு சொன்னேனா இல்லையா?"

அவர் பதில் பேசாமல் பக்கத்தைப் புதிதாகத் திறந்தார். முகவரியை வாசித்தார். அட்டையில் இருந்த பெயரை விரல் வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார். பக்கத்தின் அடி வரை இறக்கிப் பார்த்தார். போனில் முதலாளி மூச்சு வாங்குவது கேட்டது. நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை முடித்து அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்.

"ஓடுது முதலாளி. அமுக்கச் சொல்லுங்க."

அங்கே கைதட்டல் எழுந்து அடங்கியது. முதலாளி இன்னும் லைனில்தான் இருந்தார்.

"ஜெபசெல்வி, இருக்கியாம்மா?"

"இருக்கேன் முதலாளி."

"சைட்டு திறந்துட்டு, சந்தோஷம். ஆனா இந்த ஆளை நினைச்சாத்தான் யோசனையா இருக்கு. தலைவர் முன்னால என்னை ஒரு நிமிஷம் முழி பிதுங்க நிக்க வச்சிட்டாரு. ஓடுதான்னு கேட்டா ஓடுதுன்னு சட்டுனு சொல்லத் தெரியல. இப்படிப்பட்ட ஆளை எப்படிம்மா வேலைக்கு வச்சுக்கிறது?"

 ஜெபசெல்வி ஆவுடையப்பனின் தூக்குச்சட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"அதனாலதான் முதலாளி வச்சுக்கச் சொல்லுதேன்."