என் படம்

2017 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, ஆறேகால் மணி. நரியூத்துக் குளத்தின் கரையில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் தங்கபுஷ்பம், உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மற்றவர் சொரிமுத்து, குளத்தில் மண் தள்ளி மேடாக்க வந்திருந்த பொக்லைன் ஓட்டுநர்.

வந்த வேகத்தில் தங்கபுஷ்பம், தரையில் இறக்கி வைத்திருந்த பொக்லைன் பக்கெட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"யக்கா, எறங்குங்க. எனக்கு இதுதான் சோறு."

"எனக்கு இதுதான் தண்ணி. எறங்க மாட்டேன்."

"மொதலாளி வந்தா என்னையத்தான் ஏசுவாரு."

"வரட்டும். அவருக்கும் இதுல எடம் இருக்கு."

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தார். தங்கபுஷ்பம் தன் செல்போனை நீட்டினார்.

"சும்மாதான தம்பி நிக்க? ஒரு படம் எடு. பின்னால தண்ணி தெரியணும்."

"தண்ணி மட்டும் தெரிஞ்சா போதுமா? கொட்டுன மண்ணும் தெரியட்டும்" என்ற சொரிமுத்து, ஈரத்தில் முழங்காலை ஊன்றிக் கோணம் பார்த்து எடுத்தார். படத்தில் தங்கபுஷ்பம் இரண்டு கைகளாலும் பக்கெட்டின் பல்லை இறுகப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீரும், ஒரு பக்கம் புதிதாகக் கொட்டிய செம்மண்ணும் இருந்தன. மேலே ஓட்டுநர் இருக்கை காலியாகக் கிடந்தது.

ஒப்பந்தக்காரர் ஆறுமுகநயினார் வந்து சேர்வதற்குள் ஊரும் திரண்டுவிட்டது. வேலை நின்றது. சாயங்காலம் சொரிமுத்து அன்றைய சம்பளத்தைக் கேட்டார். அத்தனை பேர் முன்னாலும் ஆறுமுகநயினார் சொன்னார்: "எஞ்சின் ஓடுன மணிக்குத்தாம்டே சம்பளம். வண்டி நின்ன நேரத்துல நீ என் ஆளு இல்ல."

'குளக்கரை' என்றொரு இணையக் களஞ்சியம் உண்டு. நீர்நிலைகளைப் பற்றித் தன்னார்வலர்கள் எழுதி வளர்ப்பது. நரியூத்துக் குளம் பற்றிய பக்கம் தங்கபுஷ்பம் எழுதியது. அன்று இரவே அந்தப் படத்தை அதில் ஏற்றினார். 'இந்தப் படம் யாருடையது?' என்று தளம் கேட்டது. 'என் படம்' என்று பதிந்தார். அடுத்த மாதம் அந்தச் செல்போன் அதே குளத்தில் விழுந்தது. பிறகு படம் இருந்த ஒரே இடம் களஞ்சியம்தான்.

ஆறு ஆண்டுகள் கழித்து, குளக்கரை தன்னிடமிருந்த படங்களை எல்லாம் ஒரு பொதுப் பட நூலகத்துக்கு மாற்ற முடிவு செய்தது. அங்கே போய்ச் சேர்ந்த படத்தை யாரும் இலவசமாக எடுத்தாளலாம். எடுத்தவர் பெயரைப் போட்டால் போதும். நிபந்தனை ஒன்றுதான். படத்துக்கு உரியவர் அனுமதி தர வேண்டும். 2023 நவம்பர் 30க்குள் அனுமதி வராத படம் அழிக்கப்படும்.

மாற்றும் பொறுப்பில் இருந்த நஸ்ரின், தங்கபுஷ்பத்துக்குப் போன் செய்தார்.

"அக்கா, 'என் படம்'னு போட்டிருக்கீங்க. ஆனா உங்க ரெண்டு கையும் பக்கெட்டைப் பிடிச்சிருக்கே. மூணாவது கை யாரோடது?"

"என் படம்னா நான் இருக்கிற படம்மா."

"நாங்க நீங்க எடுத்த படம்னு நெனச்சுட்டோம்க்கா!"

'என் படம்' என்ற இரண்டு சொல்லும் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்திருந்தன. எடுத்தவர் சொரிமுத்து என்ற பேச்சு ஊருக்குள் பரவி ஆறுமுகநயினார் காதுக்கும் போனது. குளம் இருக்கும் இடத்தில் என்றைக்கும் தண்ணீர் நின்றதில்லை, அது வெறும் பொட்டல் என்று அவர் அப்போது தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார். அந்தப் படம் மட்டும்தான் இடைஞ்சல். நூலகத்துக்கு எழுதினார்: 'சொரிமுத்து அன்று என் வேலையில் இருந்தவர். வேலை நேரத்தில் எடுத்த படம் முதலாளிக்குச் சொந்தம். அனுமதி இல்லை. அழித்துவிடவும்.'

தங்கபுஷ்பமும் எழுதினார்: 'செல்போன் என்னுடையது. முகம் என்னுடையது. எடுக்கச் சொன்னதும் நான். அனுமதி தருகிறேன்.'

சொரிமுத்து அப்போதும் ஆறுமுகநயினாரின் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "எடுத்தது நாந்தான்னு நீ பேரைக் குடுத்தா, இந்தத் தாலுகாவுல எந்த வண்டியிலயும் நீ ஏற முடியாது."

"ஏற விடலைன்னா எறங்கி நிக்கேன் மொதலாளி. அன்னைக்கும் எறங்கித்தான எடுத்தேன்."

வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து, நஸ்ரினுக்குச் செய்தி அனுப்பினார்: 'எடுத்தது நான். யாரும் எடுத்துக்கிடலாம். பேரு மட்டும் போடணும்.'

இந்த மூவரில் யாருடைய சொல்லை நூலகம் கேட்க வேண்டும்? முதலாளியா, படத்தில் இருப்பவரா, எடுத்தவரா? கீழே போகுமுன் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

விடை: சொரிமுத்துவின் சொல்லை. பேனாவை இரவல் கொடுத்தவர் கடிதத்தை எழுதியவர் ஆகிவிட மாட்டார். செல்போனுக்கும் அதே கணக்குத்தான். தங்கபுஷ்பம் தண்ணீரைக் கேட்டார். மண்ணையும் சேர்த்து, முழங்காலிட்டு, எதைக் காட்டுவது என்று முடிவு செய்தவர் சொரிமுத்து. முதலாளி அவரை வைத்துக்கொண்டது மண் தள்ள, படம் எடுக்க அல்ல. போதாததற்கு, வண்டி நின்ற நேரத்தில் அவன் என் ஆள் இல்லை என்று ஊர் அறியச் சொன்னவரும் அவரே. சம்பளம் கேட்டபோது ஆள் இல்லை, படம் கேட்கும்போது மட்டும் ஆள் என்றால் எந்த நூலகமும் ஒப்பாது. படம் கெடுவுக்கு முன்பே இடம் மாறியது. சொரிமுத்துவும்தான்; இப்போது பக்கத்து மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிறார்.

2024 ஜனவரி 26 அன்று கூடிய கிராம சபை, நரியூத்துக் குளத்தை அளந்து எல்லைக்கல் நடக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் அந்தப் படம் இருந்தது. அடியில், 'படம்: சொரிமுத்து, பொக்லைன் ஓட்டுநர்' என்று அச்சிட்டிருந்தார்கள்.