ரம்பம் போன வழி

செல்லையா மூன்றாவது முறையாக அறுத்த பலகைகளையும் மேசைமேல் வைத்தார். வைத்தார் என்ன, எறிந்தார்.

"இந்தா பாரு டீச்சர். இதுவும் போச்சு."

ஜெசிந்தா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. சமையலறை மேசையில் வைத்தே சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகள் செய்வாள். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

செல்லையாவுக்கு அறுபத்திரண்டு. பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் பேச்சு போய்ப் படுத்திருக்கும் மனைவி லீதியாளுக்காக ஓர் அழைப்பு மணி செய்ய வந்திருந்தார். கட்டிலில் ஒரு பலகை, அவர் சட்டைப்பையில் ஒரு பலகை. அவள் அமுக்கினால் இவர் பையில் மணி அடிக்க வேண்டும்.

ஒரே செம்புத் தகட்டில் இரண்டு சர்க்யூட்டையும் ஒட்டி வரைந்து, நடுவே அறுத்திருந்தார். இரண்டிலும் ஓரத்துச் செம்புக்கோடு சிதைந்து கிடந்தது. கரண்ட் போக வழியில்லை.

"ரம்பம் சரியில்ல," என்றார்.

"முந்தாநாள் ஸ்கேல் சரியில்லன்னீங்க, அண்ணாச்சி."

"அதுவும் சரியில்லதான். தகடும் மட்டம்."

"அப்ப மிச்சம் நான்தான். ஏன் இப்படி ஒட்டி வரையுறீங்க?"

"இடத்தை எதுக்கு வீணாக்கணும்? முப்பத்துநாலு வருஷம் ஒரு நிமிஷம் வீணாக்காம விசில் ஊதினவன் நான். வீட்டுலயும் அப்படித்தான். ஆறு மணிக்கு உடம்பு துடைச்சி விடுறேன். ஆறரைக்குக் கஞ்சி. கஞ்சி முடிஞ்ச கையோட மாத்திரை, அது முடிஞ்ச கையோட ஜெபம். ஒண்ணும் தப்பாது. ஆனா கஞ்சி டம்ளரை வாங்கினதும் என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுவா. என்ன வேணும்னு கேட்டா சொல்லவும் முடியல. எனக்கு மாத்திரைக்கு நேரமாகுது, கையை உருவிக்கிட்டு ஓடுறேன். அதுக்குத்தான் இந்த மணி. வேணுங்கிறப்ப அமுக்கட்டும். நீயே சொல்லு டீச்சர், நான் எதுல குறை வெச்சேன்?"

ஜெசிந்தா மேசையில் அவர் அறுத்த இடத்தில் விரித்திருந்த ஈரத்துணியில் படிந்த தூளை விரலால் வழித்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதில் செம்பு மினுங்கியது.

"இது என்ன அண்ணாச்சி?"

"குப்பை."

"எங்கிருந்து வந்துச்சு?"

எரிச்சலோடு தூளைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"தகட்டுல இருந்துதான்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ரம்பம் போன வழி."

"அதுக்கு எவ்வளவு இடம் விட்டீங்க?"

"விடல."

அவள் புதுத் தகடு ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். செல்லையா பென்சிலை எடுத்தார். முதல் சர்க்யூட்டின் ஓரம் வரை வந்ததும் பென்சில் நின்றது.

"எவ்வளவு விடணும் டீச்சர்?"

"ரம்பத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போதும், அண்ணாச்சி. கஞ்சிக்கும் மாத்திரைக்கும் நடுவுல எவ்வளவுன்னு, உங்க கையைப் பிடிச்ச அந்தக் கை தானா விடும்போது தெரியும்."