தண்டபாணியின் கைக்குள் ஓர் அழுத்தம்

தீர்ப்பு சொல்ல ஆசைப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அப்படியானால் இந்த வழக்கைக் கேளுங்கள். முடிவில் உங்களைத்தான் கேட்பேன், நழுவக் கூடாது.

கோவைப் பட்டறை ஒன்றில் தகடு வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தை ஓட்டிய தண்டபாணிக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. செயற்கைக் கை பொருத்தினார்கள். அது பிடிக்கும், தூக்கும். பிடித்தது கல்லா, பூவா என்று மட்டும் தெரியாது. அந்தக் கைக்குத் தொடு உணர்ச்சி கொடுக்க வந்தவள் பெனாசிர் என்ற பொறியாளர். காகிதம்போல் வளையும் மெல்லிய தோல் ஒன்றை அவள் ஆய்வகத்தில் செய்திருந்தாள். அதை விரல்களிலும் உள்ளங்கையிலும் ஒட்டிவிட்டால், எது வந்து அழுத்தினாலும் அதே அளவுக்கு மேற்கையில் கட்டிய பட்டை இறுகும். தக்காளியை நசுக்காமல் முதன்முதலாகப் பிடித்த அன்று தண்டபாணி வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார். "அம்மிணி, தை மாசம் என்ற புள்ளைக்குக் கண்ணாலமுங்க. தாரை வாக்கறப்ப அவ கை என்ற கையில இருக்கறது எனக்குத் தெரியோணும். இன்னுங் கொஞ்சம் நுணுக்கமா வெச்சுத் தர முடியுங்களா?"

முடியாது என்று சொல்லத் தெரியாத பெண் பெனாசிர். லேசாகப் பட்டாலே உணரும்படி வைத்துக் கொடுத்தாள்.

மார்கழியில், ஸ்கூட்டரில் போன மகள் கோகிலவாணியை லாரி அடித்துப் போட்டது. மருத்துவமனையில் இரண்டு முறை சோதித்து, மூளை இறந்துவிட்டது என்றார்கள். மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. உறுப்புகளைத் தானம் கொடுக்கத் தாய் ஈஸ்வரி சம்மதித்தார். பெற்றோர் இருவரும் ஒப்பாமல் அங்கே எடுப்பதில்லை. தண்டபாணியோ மகளின் கைமேல் தன் செயற்கைக் கையை வைத்தபடி, அசைய மறுத்தார்.

"புள்ள கையப் புடிக்கறாளுங்க. உசுரு இருக்குதுங்க."

டாக்டர் ஆவுடையப்பன் பெனாசிரை வரவழைத்தார். அவள் கட்டிலருகே நின்று பார்த்தாள். படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை அது. மோட்டார் ஓட ஓட ஒரு வரிசை உப்பும், அடுத்தது வற்றும். மகளின் கைக்குக் கீழே உப்பும்போதெல்லாம் அந்தக் கை மேலெழுந்து தகப்பனின் உள்ளங்கையில் முட்டியது. "புடிக்கறா பாருங்க!" என்றார் தண்டபாணி. பெனாசிருக்கு அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வராந்தாவுக்கு வந்து, முட்டுவது மெத்தைக் காற்றுதான் என்று டாக்டரிடமும் ஈஸ்வரியிடமும் சொன்னாள்.

ஈஸ்வரி அழவில்லை. "மெத்த மோட்டார அமத்திப் போடலாமுங்க. புள்ள கடைசியாப் புடிச்சுட்டுப் போயிட்டாள்னு அவரு நெனச்சுக்கட்டும்."

"கூடாதும்மா. ஏமாத்தி வாங்குற கையெழுத்து எனக்கு வேண்டாம்" என்றார் டாக்டர். "பெனாசிர், நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

பெனாசிர் உள்ளே போனாள். ஈஸ்வரி முந்திக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டிலிருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார். மெத்தை அடங்கியது. தண்டபாணி காத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"போயிட்டாளுங்க. உங்க புண்ணியம் அம்மிணி, கடைசியா அவ புடிச்சது எனக்குத் தெரிஞ்சுது."

பெனாசிர் தலையாட்டினாள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அவர் இடது கையில் பேனாவை எடுத்தபோது, டாக்டர் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தண்டபாணி பேனாவைக் கீழே வைத்தார். யாரையும் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலாம். "மோட்டாரப் போட்டு உடுங்க" என்றார். மறுபடி மகளின் கைமேல் கையை வைத்தார். மெத்தை உப்பியது, பட்டை இறுகியது. வற்றியது, தளர்ந்தது. காற்றுதான் என்று தெரிந்தே அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். யார் சொன்னதும் காதில் ஏறவில்லை. மறுநாள் மதியம் கோகிலவாணியின் இதயம் தானாக நின்றது. அவளால் பிழைத்திருக்கக் கூடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மோட்டாரை நிறுத்தினார் தாய். வாய் திறக்காமல் தலையாட்டினாள் பெனாசிர். உண்மையைச் சொன்னார் டாக்டர். இதில் யார் செய்தது சரி?

டாக்டர் என்பீர்கள். சரிதான், ஆனால் இன்னொருத்தி சொல்லியிருக்க வேண்டியதை, நேரம் கடந்த பிறகு அவர் சொல்ல நேர்ந்தது. ஈஸ்வரி செய்தது தப்புதான், பெற்ற மகளைப் பறிகொடுத்தவரை ஏச எனக்கு நாக்கு வராது. பழி பெனாசிர் மேல். மெத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே மகளின் கையை எடுத்து அவர் மடியில் வைத்து, அழுத்தம் நின்றுபோவதைக் காட்டியிருந்தால், அவர் தானாகவே புரிந்துகொண்டு, மனதாரக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். இரக்கத்தால் வாய் அடைத்துப் போனதாக அவள் நினைத்தாள். தான் செய்த தோலைத் தானே குறை சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் தண்டபாணி அந்தத் தோலை உரித்துக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார். "மரத்த கையே போதுமுங்க அம்மிணி" என்றார்.