திரும்பி வந்தவளுக்கு ஒரு புத்தகம்

"அந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகமும் பிடிக்க மாட்டேங்குதும்மா," என்றார் ஆவுடையப்பன்.

கோமதி தலையைத் தூக்கவில்லை. கிழிந்துபோன அட்டை ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பிள்ளை?"

"பிரவீணாதான். பிளஸ் டூ படிக்கவ."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கோமதிதான் குரு. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆற்றங்கரையில் அவள் நடத்தும் வாசகசாலைக்கு ஒருநாள் வந்து, "ஆளைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் குடுக்கியளே, அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டு நின்றார். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

கோமதி அவருக்கு ஓர் அலமாரியைக் கொடுத்தாள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிற மாயக்கதைகள். மனுஷன் அத்தனையையும் படித்துத் தீர்த்தார். பறக்கும் பாம்புகளில் எத்தனை சாதி என்று கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டு நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"என்ன கேட்டா அவ?"

"வேற உலகத்துக்குப் போறவங்க கதை வேணும்னா. கிணத்துக்குள்ள இறங்கி மீனு ஆளுத நாட்டுக்கு ஒருத்தன் போறாம்லா, அதைக் குடுத்தேன். காத்தோட தேசத்துக்குப் போற தச்சன் மக கதையைக் குடுத்தேன். எறும்பு யுத்தத்துல மாட்டிக்கிட்ட அண்ணன் தங்கச்சி கதையைக் குடுத்தேன். ஒவ்வொண்ணும் முத்து. எல்லாம் மறுநாளே திரும்பி வந்துட்டு."

"படிச்சாளா?"

"எங்க படிச்சா? கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல திருப்புதா. அதை வாசிக்கா. மூடி வச்சிருதா. கதை படிக்க லட்சணமா இது?"

"கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"என்ன இருக்கும்? போனவன் வீட்டுக்கு வந்துருதான். கதவைத் தட்டுதான். அம்மா வந்து திறக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அட்டைதான்."

கோமதி விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் வந்து உறுப்பினர் கார்டைத் திருப்பிக் குடுத்துருதேன்னு சொல்லிட்டுப் போயிட்டாம்மா. இங்கயும் வரலைன்னா அந்தப் பிள்ளை வேற எங்க போவும்? எனக்குப் பயமா இருக்கு."

பயம் நிஜம்தான். ஆடி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பிய பிரவீணா வீடு திரும்பவில்லை. தேடாத இடமில்லை. ஒரு வாரம் கழித்துத் தானாகவே வந்து வாசலில் நின்றாள். யாரோடும் போகவில்லை, யாரும் கூட்டிக்கொண்டும் வரவில்லை. போனாள், வந்தாள்.

ஊர் ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. பொம்பளைப் பிள்ளை விஷயம், கேட்டால் பேர் கெட்டுவிடும் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பெற்றவர்களும் திறக்கவில்லை. சோறு போட்டார்கள், துணி எடுத்துக் கொடுத்தார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்னொரு தடவை கிளம்பினால் இவள் திரும்ப மாட்டாள் என்று ஆவுடையப்பனுக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் அலமாரியைப் புரட்டிப் புரட்டித் தேடினார்.

"எந்தப் புத்தகம் குடுக்கட்டும்? நீங்களாவது சொல்லுங்க."

"ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"போயிட்டு வாங்க."

குரு சொன்னால் போகத்தான் வேண்டும். போனார்.

திரும்பி வந்தபோது வேட்டியெல்லாம் சேறு. ஒரு கால் செருப்பைக் காணோம். முழங்கையில் ரத்தம். ஆனால் முகம் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் முகம்போல இருந்தது.

வாசலில் நின்றார். யாராவது கேட்கட்டும் என்று நின்றார்.

"வாங்க அண்ணாச்சி," என்றாள் கோமதி. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். அட்டைக்குப் பசை தடவப் போய்விட்டாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பிச்சையா அவரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். வார இதழ் மாற்ற வந்த அம்மாள், "உக்காருங்க" என்று தன் நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். அவளும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"பாலத்துக்குக் கீழ பாத்தியன்னா..."

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் கோமதி. "சாப்பிட்டியளா?"

சாப்பிட்டார். பிச்சையாவிடம் போய் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒண்ணு நடந்துதுவே."

"நடந்தது நடந்துபோச்சு," என்றார் பிச்சையா, ரொம்பப் பரிவாக. "மனசுல வச்சுக்கிடாதேயும்."

மதியம் போயிற்று. வந்தவர்கள் வந்தார்கள். எல்லாரும் அவரிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவர் முழங்கையை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

காலையில் இருந்த முகம் இப்போது இல்லை. செய்யக்கூடாத எதையோ செய்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேட்டியில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதையும் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று மேஜைக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார்.

வெயில் சாயும் நேரத்தில் மனுஷனுக்கு உடைந்துவிட்டது.

"ஏம்மா, ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்றார். "பாலத்தடிச் சேத்துல ஒரு கன்னுக்குட்டி விழுந்து கிடந்துது. தலை மட்டும்தான் வெளிய தெரியுது. நான் இறங்கி, தனியா, ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்து மேல போட்டேன். ஜென்மத்துல நான் இப்படி ஒரு காரியம் செஞ்சதில்ல. என்ன ஆச்சுன்னு ஒருத்தருக்கும் தெரிய வேண்டாமா? நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்?"

கோமதி பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"காலையிலேருந்து சொல்லணும்னு இருந்திய."

"ஆமா."

"அரை நாளுக்கே உங்களுக்கு இப்படி இருக்கு."

"இருக்காதா பின்னே?"

"அந்தப் பிள்ளை ஆடியில வந்தா அண்ணாச்சி," என்றாள் கோமதி. "இப்ப மார்கழி."

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு கேட்டார். "கன்னுக்குட்டி உங்க ஏற்பாடா?"

"நான் பாலத்துக்குத்தான் அனுப்புனேன். நீங்க சும்மா போயிட்டு வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். பிச்சையா அண்ணாச்சிகிட்டயும் வாறவங்ககிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்."

பேப்பருக்குப் பின்னால் பிச்சையா இருமினார்.

"இவ்வளவு தெரிஞ்சும் நீங்க ஏம்மா அவகிட்ட கேக்கலை?"

"எங்கிட்ட அவ வரலையே. திரும்பி வந்தவனை யாராவது கேட்டாங்களான்னு கடைசிப் பக்கத்துல தேடிக்கிட்டு உங்ககிட்டதான் தினம் வந்து நின்னா."

விளக்கு போடுகிற நேரத்தில் பிரவீணா வந்தாள். பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். மேஜைமேல் கார்டை வைத்தாள்.

"சார், கார்டு."

பழக்க தோஷம், ஆவுடையப்பனின் கை அலமாரிப் பக்கம் போயிற்று. வாரக் கடைசியில் வந்திறங்கிய புதுப் புத்தகம் ஒன்று மேல்தட்டில் இருந்தது. கை அதைத் தொட்டது. வெறுமனே திரும்பி வந்தது.

"உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

"பரவாயில்ல சார்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"பிரவீணா."

நின்றாள்.

"நீ போன இடத்துல என்ன பாத்தே?"

பிச்சையாவின் பேப்பர் அசையவில்லை. கோமதி எழுந்து போய்ச் சத்தமில்லாமல் வாசல் கதவைச் சாத்தினாள்.

பிரவீணா அவர் முகத்தையே பார்த்தாள். இது திட்டா, கேலியா, போலீஸ்காரன் கேள்வியா என்று தேடிப் பார்த்தாள். அப்படி எதுவும் அந்த முகத்தில் இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரு வயசான மனுஷனின் முகம்தான் இருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய உதடு ஒருமுறை கோணிற்று. அழப்போகிறாள் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல கடல்," என்றாள்.