ஐந்தாம் நாள் கட்டம்

கோவில்பட்டியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு சார்ட் தாள் இருந்தது. அந்தத் தாளில் ஏழு கட்டங்கள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. பாலித் தீவில் கழிக்கப்போகும் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டங்கள்.

கட்டம் போட்டவர் சங்கரலிங்கம் சார். முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியார். அதில் இருபது வருடம் பள்ளிக்கூடத்துக்கே கால அட்டவணை போட்டவர். அவருடைய அட்டவணையில் ஒரு பீரியட்கூடச் சும்மா கிடந்தது கிடையாது. யாராவது ஒரு வாத்தியார் லீவு போட்டால், மணி அடிப்பதற்குள் அந்த வகுப்புக்கு மாற்று ஆள் போய் நிற்பார். ஆள் கிடைக்காவிட்டால் இவரே போய் நிற்பார். ரிட்டயராகி எட்டு மாதமாகியும் அந்தக் கை இன்னும் அடங்கவில்லை. மகள், அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பாலிக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பியதும், அவர் முதலில் கடைக்குப் போய் வாங்கி வந்தது இந்த சார்ட் தாளைத்தான்.

அவர் மனைவி செண்பகவல்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஆறு நாளு நீங்க கூப்பிடுற இடத்துக்கெல்லாம் வாரேன். ஒரு நாளு மட்டும் எங்கயும் போக வேண்டாம். கடலைப் பாத்து உக்காந்து உங்ககூடப் பேசணும். கல்யாணமாகி முப்பது வருசத்துல ஒரு நாளு முழுசா நாம உக்காந்து பேசினதில்ல."

"அதுக்கென்ன, அஞ்சாம் நாள் உனக்கு," என்றார் சார்.

அப்படித்தான் ஐந்தாம் நாள் கட்டம் காலியாக விடப்பட்டது. மற்ற ஆறு கட்டங்களிலும் பென்சில் இறங்கி வேலை பார்த்தது. மூன்றாம் நாள் கட்டத்துக்குத்தான் ஏகக் கொண்டாட்டம். விடியுமுன் எரிமலை ஏறிச் சூரிய உதயம், இறங்கி வெந்நீர் ஊற்றில் குளியல், அப்புறம் காபித் தோட்டம், குரங்குக் காடு, அருவி, கடைசியில் கடற்பாறைக் கோவிலில் அஸ்தமனம்.

"என்னைப் பாருங்கப்பா, ஆறு இடம்," என்று அது மார்பை நிமிர்த்திக்கொண்டது. "மூச்சு விடக்கூட இடமில்ல."

"நமக்கு நடுவுல ஒருத்தர் வேலைவெட்டி இல்லாம உக்காந்திருக்காரே, அவரு யாரு?" என்று ஆறாம் நாள் கட்டம் கிண்டலாகக் கேட்டது.

"எங்கிட்ட ரெண்டு பேரு வருவாங்க. பேசிக்கிட்டு இருப்பாங்க. அதுக்கு இடம் வேணும்ல," என்றது ஐந்தாம் நாள்.

"பேச்செல்லாம் ஒரு இடமா? அதுக்கு நுழைவுச் சீட்டு உண்டா? முன்னால நின்னு போட்டோதான் எடுக்க முடியுமா?"

பென்சில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மேசை ஓரத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. "எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல ஒரு கட்டம் காலியாத் தூங்கினதில்ல. இதுவும் தூங்காது பாரு," என்றது.

பக்கத்தில் ரப்பர் கிடந்தது. வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே மூலை மழுங்காமல் இருந்தது. சார் தப்பே செய்யமாட்டார் என்பது சாரின் எண்ணம். அதனால் ரப்பருக்கு வேலையே வந்ததில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு முருகானந்தம் வந்தார். போன வருடம் பாலிக்குப் போய்விட்டு வந்தவர். அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆமைத் தீவைக் காணோமே சார். அதைப் பாக்கலேன்னா பாலிக்குப் போனதாவே கணக்கில்ல," என்றார்.

சார் ஆறு கட்டங்களிலும் தேடினார். எள் போட இடமில்லை. பென்சில் மெல்ல ஐந்தாம் நாள் பக்கம் நகர்ந்தது.

"இது அந்தம்மாவோட இடம்," என்று கட்டம் பதறியது.

"ஒரு மணி நேரந்தான்," என்று சார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பென்சில் எழுதியது.

ஆமைத் தீவு வரைக்கும் போகிறவர்கள், கண்ணாடி அடித்தளப் படகில் ஏறிக் கடலுக்கடியில் மீன் பார்க்காமல் வரலாமா? அது முக்கால் மணி நேரம். திரும்பும் வழியில் வெள்ளி நகை செய்யும் கிராமம். பக்கத்திலேயே மரச்சிற்பக் கடைத்தெரு. மிச்சமிருந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நடன நிகழ்ச்சி. முருகானந்தம் காபி குடித்து முடிப்பதற்குள் ஐந்தாம் நாள் நிரம்பிவிட்டது. சார் அதைப் போட்டோ எடுத்து, பாலியில் தங்கப்போகும் விடுதிக்கும் அனுப்பிவிட்டார்.

"நல்வரவு," என்றது மூன்றாம் நாள். ஐந்தாம் நாளுக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலை செண்பகவல்லி பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு புதுக் கைத்தறிச் சேலை, நாலு பாக்கெட் கடலைமிட்டாய், எல்லாவற்றுக்கும் மேலே அகல விளிம்பு வைத்த ஒரு தொப்பி. கடற்கரையில் உட்காரும்போது போட்டுக்கொள்ள அவரே ஆசையாக வாங்கியது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் கண்ணில் சார்ட் தாள் பட்டது. நின்று முழுவதையும் படித்தார். திரும்பிப் போய்ப் பெட்டியிலிருந்து தொப்பியை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். பிறகு சேலைகளையும் எடுத்தார்.

"பாதி எடை போயிருச்சே," என்று பெட்டி கவலைப்பட்டது.

"என்ன செண்பகம், எதுக்கு எல்லாத்தையும் எடுக்க?" என்றார் சார்.

"நீங்க போயிட்டு வாங்க. லீவு போட்ட வாத்தியாருக்குப் பதிலா போய் நிப்பீங்கல்ல, அதே மாதிரி அஞ்சாம் நாளுக்கும் ஆள் போட்டுட்டீங்க."

"எல்லாம் சின்னச் சின்ன இடந்தான்."

"நான் கேட்டதும் சின்ன இடந்தான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சாரைச் சுருக்கென்று தைத்தது. அப்போது போன் அடித்தது. பாலியில் அந்த விடுதியை நடத்தும் காடெக் என்ற பெண். ஆங்கிலத்தில் பேசினாள். சார், மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, உங்கள் அட்டவணை மிக அழகு. ஆனால் ஐந்தாம் நாள் எழுதியது எதுவும் நடக்காது. அன்று எங்கள் புத்தாண்டு. ஞெபி என்போம். தீவு முழுவதும் மௌனம். காலை ஆறு மணி தொடங்கி மறுநாள் காலை ஆறு மணி வரை யாரும் வெளியே போகக்கூடாது. கடை இல்லை, வண்டி இல்லை, விளக்கு இல்லை. விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். நீங்களும் விடுதிக்குள்ளேதான் இருக்க வேண்டும்."

"ஒரு நாள் முழுக்கவா? அதுவரைக்கும் ஜனங்கள் என்ன செய்வார்கள்?"

"சும்மா இருப்போம், ஐயா."

பென்சில் மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. ஒரு ஊரே சேர்ந்து ஒரு கட்டத்தைக் காலியாக விடும் என்று அது கனவிலும் நினைத்ததில்லை.

சார் விடவில்லை. "அப்படியானால் ஒரு வாரம் தள்ளி வரலாமா?"

"தாராளமாக. பலர் அப்படித்தான் செய்கிறார்கள்." காடெக் கொஞ்சம் தயங்கினாள். "என் அப்பா கார் ஓட்டுகிறவர். வருடம் முழுக்க உங்களைப் போல வருகிறவர்களை இடம் இடமாகக் கூட்டிப்போவார். அந்த ஒரு நாள்தான் அவரை யாரும் கூப்பிட முடியாது. அம்மா வருடம் முழுக்க அந்த நாளுக்காகக் காத்திருப்பாள்."

செண்பகவல்லி சுவரில் மாட்டிய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் அவரைப் பார்த்தார். யார் கூப்பிட்டாலும் போய் நின்ற முப்பத்தோரு வருடம் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஒருத்தி கூப்பிட்டதற்கு ஒரு நாளும் போய் நின்றதில்லை என்பதும் சேர்ந்து வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தேதியை மாற்ற வேண்டாம் அம்மா. அப்படியே வருகிறோம்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு ரப்பரைக் கையில் எடுத்தார். அதற்கு அன்றுதான் பிறந்த பயன் கிடைத்தது. ஆமைத் தீவு போயிற்று. படகு, வெள்ளி, மரச்சிற்பம், நடனம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"வலிக்குதா?" என்று ரப்பர் கேட்டது.

"இல்ல, பாரம் இறங்குது. நல்லாத் தேயி," என்றது ஐந்தாம் நாள்.

செண்பகவல்லி ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து, தூசி இல்லாவிட்டாலும் ஒரு தட்டுத் தட்டிப் பெட்டிக்குள் வைத்தார். சேலைகளும் திரும்பி வந்தன. பெட்டி நிம்மதியாகப் புடைத்தது.

சாருக்கு மட்டும் ஒரு கவலை மிச்சமிருந்தது. "ஏன் செண்பகம், ஒரு நாளு முழுக்க என்னதான் பேசப் போறோம்?"

"அதுக்கும் அட்டவணை போடுவீங்களோ?" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே காபி போட அடுப்படிக்குப் போனார்கள்.

மேசையில் மற்ற ஆறு கட்டங்களும் ஐந்தாம் நாளையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் மூன்றாம் நாள் கட்டம், பக்கத்துக் கட்டங்களுக்குக் கேட்டுவிடாமல், ரப்பரை மெல்ல அழைத்தது.

"ரப்பரண்ணே, அந்தப் பக்கம் வேலை முடிஞ்சிருந்தா, எங்கிட்ட இருக்க குரங்குக் காட்டையும் கொஞ்சம் எடுத்து விட்ருதீங்களா?"