வெள்ளாற்றூர் நோய்ப் பட்டியல்

வெள்ளாற்றூர் அரசர் பரிதிவர்மன் ஒரு நாள் சபையில் மூன்று முறை தும்மினார். சாதாரண ஆள் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் 'நூறு வயசு' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். தும்மியவர் அரசர் என்பதால் ஒரு சட்டம் வந்தது.

அரண்மனையில் வேலை பார்க்கும் எல்லோரும் வைத்தியர் பொன்னம்பலத்திடம் நாடி காட்ட வேண்டும். கண், காது, மூக்கு, வயிறு எதையும் விடக்கூடாது. யாருக்கு என்ன நோய் என்று பட்டியல் எழுதிக் கோட்டை வாசலில் மாட்ட வேண்டும்.

"பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன கோளாறு என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? முதல் பெயராக என் பெயரையே எழுதுங்கள்" என்றார் அரசர்.

வைத்தியர் கெட்டிக்காரர். எட்டே நாளில் நூற்று நாற்பது பேரைச் சோதித்துவிட்டார். எவருடைய நோயும் அவர் கைக்குத் தப்பவில்லை. மேலை வாசல் காவலன் காத்தமுத்துவுக்கு அதுதான் வினையாகிவிட்டது.

காத்தமுத்துவுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்துவிட்டால் தன் கையே தனக்குத் தெரியாது. அதனால் பதினோரு வருடமாகப் பகல் காவல் மட்டும் பார்த்துவந்தான். அனுமதி இல்லாமல் ஒரு பூனையைக்கூட அவன் உள்ளே விட்டதில்லை. ஆனால் பட்டியல் வாசலில் ஏறிவிட்டால் அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? குருட்டுக் காவலன் என்று ஊர் கூப்பிடும். வேலையும் போகும்.

பட்டியலை நல்ல கையெழுத்தில் படியெடுக்கும் பொறுப்பு கவிராயர் நல்லசிவத்திடம் வந்தது. அரசருக்கு எதிரே நின்று வாயாடத் துணிந்தவர் அந்தச் சபையில் அவர் ஒருவர்தான். காத்தமுத்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"ஐயா, என் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாதா?"

"விட்டால் என் தலை போகும். என் தலை பெரிதா, உன் வேலை பெரிதா?"

காத்தமுத்து யோசித்தான். "உங்கள் தலைதான், ஐயா."

"இதற்கு இவ்வளவு யோசனையா?" என்றார் கவிராயர். "நாளை மறுநாள்தான் மாட்டப்போகிறார்கள். நீ போய் வாசலைப் பார்."

மறுநாள் காலை மேலை வாசலில் ஒரு குதிரை வந்து நின்றது. இறங்கியவர் குன்றக்கோட்டை அரசனின் தூதராம். ஒரு கையில் ஓலை, மறு கையில் மருந்துப் பெட்டி. குன்றக்கோட்டைக்கும் வெள்ளாற்றூருக்கும் மூன்று தலைமுறைப் பகை. காத்தமுத்து அவரை நேரே சபைக்கு அழைத்துப் போனான்.

"உங்கள் எல்லோருடைய உடல்நலத்திலும் எங்கள் அரசருக்கு அக்கறை. மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார். ஓலையைத் தனியாகப் படிப்பது நல்லது" என்றார் தூதர்.

அரசர் சபையைக் கலைத்தார். தூதரும், அவரை அழைத்து வந்த காத்தமுத்துவும், ஓலை படிக்கக் கவிராயரும் மட்டும் நின்றார்கள்.

கவிராயர் ஓலையை விரித்தார். "கையெழுத்து அருமையாக இருக்கிறது, மகாராஜா."

"அதை விடும். படியும்."

"'தளபதியாருக்கு மூலத்துக்கான லேகியம். ஒரு மாதம் அவர் குதிரை ஏறக்கூடாது. அந்த மாதத்தை நாங்கள் வீணாக்க மாட்டோம்.'"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'மடைப்பள்ளித் தலைவருக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்து. அவருக்கு வாசனையே தெரியாதாம். சோற்றில் யார் எதைக் கலந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாராம். பாவம்.'"

"ம்."

"'மேலை வாசல் காவலர் ஒருவருக்கு, மாலைக்கண்ணுக்கு மருந்து. பொழுது சாய்ந்தபின் அந்த வழியாகவே வந்து நலம் விசாரிக்கிறோம்.'"

காத்தமுத்து ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"'கடைசியாக, மன்னருக்கு. தூக்கத்தில் உரக்கப் பேசும் கோளாறுக்கு எங்களிடம் மருந்து இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு நல்ல ஆளை அனுப்புகிறோம்.'"

அரசர் கவிராயர் பக்கம் சாய்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் தூக்கத்தில் பேசுகிறேனா?"

"பட்டியலில் முதல் வரியே அதுதான், மகாராஜா. வைத்தியர் மகாராணியைக் கேட்டு எழுதியிருக்கிறார். நீங்கள் படிக்கவில்லையா?"

"மாட்டச் சொன்னது நான். நானே எதற்குப் படிக்க வேண்டும்?" என்ற அரசர் காத்தமுத்து பக்கம் திரும்பினார். "பட்டியல் இன்னும் வாசலுக்கே போகவில்லை. எதிரிக்கு எப்படித் தெரிந்தது? இந்த ஆளை உள்ளே விட்டவன் நீதானே?"

 காத்தமுத்து நேற்றுவரை வேலைக்குத்தான் பயந்தான். இப்போது கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அவனை விடுங்கள், மகாராஜா. குன்றக்கோட்டை அரசனுக்கு ஒன்றுமே தெரியாது" என்றார் கவிராயர். "ஓலை எழுதியது நான். பெட்டியில் இருப்பது சுக்கு. இவன் நம் ஊர்த் தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டும் கலியன்."

கவிராயர் சைகை காட்டினார். தூதர் மீசையைக் கழற்றினார். பிறகு, ஓலையில் இருந்தது எதுவும் கேட்காதபடி இரண்டு காதிலும் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"என்ன கவிராயரே, அரசனிடமே விளையாட்டா?"

"நாளைக்குப் பட்டியல் கோட்டை வாசலில் தொங்கும். குன்றக்கோட்டை வியாபாரிகள் அந்த வழியாகத்தான் சந்தைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் படிக்கத் தெரியும், மகாராஜா. அவர்கள் அரசன் அடுத்த வாரம் எழுதப்போகும் ஓலையை நான் இன்றே எழுதிவிட்டேன். அவ்வளவுதான்."

அரசர் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். வைத்தியர் எழுதியது, கவிராயர் படியெடுத்தது, இரண்டையும் வாங்கித் தூபக்கால் நெருப்பில் போட்டார். ஓலைகள் படபடவென்று எரிந்தன. வைத்தியர் வரவழைக்கப்பட்டார்.

"இனிமேல் யாருக்கு என்ன நோயோ, அதை அவர் காதில் மட்டும் சொல்லும். என் காதில்கூட வேண்டாம்."

பிறகுதான் அரசருக்குச் சிரிப்பு வந்தது. கலியனுக்கு மோதிரமும் கவிராயருக்குப் பட்டுச் சால்வையும் கொடுத்து அனுப்பத் திரும்பியவர், சட்டென்று நின்றார்.

"ஆமாம், மேலை வாசலில் மூன்று காவலர்கள் இருக்கிறார்களே. மாலைக்கண் எவனுக்கு?"

காத்தமுத்து தரையில் எதையோ தேடினான்.

"பட்டியலில் இருந்தது, மகாராஜா" என்றார் கவிராயர்.

"பட்டியல்தான் சாம்பலாகிவிட்டதே. படியெடுத்தவர் நீர். உமக்கு நினைவிருக்குமே?"

"எங்கே, மகாராஜா. எனக்கு மறதி நோய்."

"உமக்கா? எனக்கு யாரும் சொல்லவில்லையே."

"அதுவும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது" என்றார் கவிராயர்.