பக்கத்து நாற்காலி

எபனேசர் கதவைத் தட்டியபோது பேராசிரியர் செண்பகவல்லி சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“உட்காருங்க.”

எபனேசர் உட்காரவில்லை. அவர் அதே புள்ளியியல் துறையில் உதவிப் பேராசிரியர். செண்பகவல்லியிடம் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். பல வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டுத் தாமதமாக ஆய்வுக்கு வந்ததால், குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் உட்கார வேண்டுமென்றால் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

“ஒரே வகுப்பு மேடம். ஒரே பாடம். ஒரே லேப்டாப்ல ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து படிச்சாங்க. ப்ராக்டிகல்ல ஒருத்தனுக்கு முழு மார்க். இன்னொருத்திக்குப் பூஜ்யம். அது எப்படி?”

“யாரு அவங்க?”

“தர்ஷனும் முத்துப்பேச்சியும்.”

“முத்துப்பேச்சி நல்லாப் படிக்கிற பொண்ணுதானே?”

“அதான் மேடம் புரியல.”

துறையில் இருந்த லேப்டாப்புகள் வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் காணும். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், யார் வேண்டுமானாலும் வைப்பார்கள். ஒரு நாள் ஒன்று மேசையிலிருந்து விழுந்து திரை உடைந்தது. யார் கை பட்டு விழுந்தது என்று கேட்டால் வகுப்பே வாயைத் திறக்கவில்லை. விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிய ஆளாக எபனேசர் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப். இருவரில் ஒருவர் பொறுப்பாளர். பீரோவிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும் அவர் வேலை. கை வைப்பதும் அவர் மட்டும்தான். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பீரோ சாவியை எபனேசர் வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கோத்து வைத்திருந்தார்.

அந்த லேப்டாப்புகளுக்கு இப்படி ஒரு காவல் கிடைத்தது அவை செய்த புண்ணியம். செமஸ்டர் முழுவதும் ஒன்றுக்கும் ஒரு கீறல் விழவில்லை. துறைத் தலைவருக்கு மகா சந்தோஷம். மற்ற துறைகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லி, மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் எபனேசரையே பேசச் சொல்லியிருந்தார். எபனேசரின் பணியை நிரந்தரமாக்கும் கோப்பும் அந்த மாதம்தான் மேலே போகவிருந்தது.

நேற்று நடந்த ப்ராக்டிகல் தேர்வில் மட்டும் ஆளுக்கு ஒரு லேப்டாப். பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் மதியத்தில். முத்துப்பேச்சி காலையில் உட்கார்ந்தாள். நேரம் முடிந்ததும் எழுந்து போனாள். அவள் பெயரில் எதுவுமே சேமிக்கப்படவில்லை.

அந்த மார்க்கை இன்று மாலைக்குள் ஏற்றியாக வேண்டும். இந்தப் பாடத்தில் பூஜ்யம் என்றால் செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து எழுதலாம் என்று விதி இருக்கிறது. முத்துப்பேச்சியின் வீட்டில் அந்த விதி செல்லாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘படிப்பு முடியட்டும்’ என்று சொல்லிச் சொல்லித்தான் அவளுடைய அப்பா இதுவரை தள்ளிப்போட்டிருந்தார். படிப்பு தடைப்பட்டது என்று தெரிந்தால் அதற்கப்புறம் அவள் சம்மதத்தைக் கேட்காமலே கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும். எபனேசருக்கும் தெரியும். அதனால்தான் மார்க்கை ஏற்றாமல் இங்கே வந்து நின்றார்.

“இப்ப என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?” என்றார் செண்பகவல்லி.

“பூஜ்யம் போட்டா காரணம் எழுதணும் மேடம். எழுதத்தான் வந்தேன். என் மனசு கேக்கல.”

“சரி. எழுதிடலாம். உட்காருங்க.”

இந்த முறை எபனேசர் உட்கார்ந்தார். செண்பகவல்லி தன் லேப்டாப்பைத் திறந்து தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன்.”

“எதுக்கு மேடம், நானே...”

“பரவாயில்ல. சொல்லுங்க.”

எபனேசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாணவி முத்துப்பேச்சி வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தார்.”

செண்பகவல்லி அடித்தார்.

“ஆனால் செய்முறைப் பயிற்சியில் போதிய ஈடுபாடு காட்டவில்லை.”

அதையும் அடித்தார்.

எபனேசர் எட்டிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் திரையில் நேராக விழுந்தது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். மேசைக் கால் இடித்தது.

“மேடம், ‘போதிய’ங்கிறத எடுத்துடலாமா?”

“ம்.”

எடுத்தாரா என்று தெரியவில்லை. எபனேசர் அடுத்த வரியை யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். அவர் பாதி சொல்வதற்குள் செண்பகவல்லியின் விரல்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் நிறுத்தினார். விரல்கள் நிற்கவில்லை.

“மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“தெரியும். அதான் அடிக்கிறேன்.”

எபனேசர் விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனார். செண்பகவல்லி அந்தக் கையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, சும்மாதான் பார்த்தார். கை தானாகத் திரும்பி மடிக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் செண்பகவல்லியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் மேடையில் வந்து உட்கார்ந்த காக்கையைப் பார்த்தார். மறுநாள் கூட்டத்துக்கு எந்தச் சட்டையைப் போடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.

“முடிஞ்சுது,” என்று செண்பகவல்லி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

எபனேசர் படித்தார். படித்துக்கொண்டே வந்தவருக்கு முகம் மாறியது.

“மேடம், ‘வகுப்பு நேரத்தில் பலமுறை தூங்கிவிடுவார்’னு போட்டிருக்கே! நான் அப்படிச் சொல்லவே இல்லையே. அந்தப் பொண்ணு ஒரு நாளும் தூங்கினதில்ல மேடம்.”

“நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“அடிக்கும்போதே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க என்ன அடிக்கிறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் வெளிச்சம் கூசுது. நீங்களும் வேகமாப் போயிட்டீங்க.”

“மெதுவாப் போங்கன்னு சொன்னீங்களா?”

எபனேசர் தயங்கினார். “உங்ககிட்ட எப்படி மேடம் சொல்றது?”

“லேப்டாப்பை இப்படிக் கொடுங்கன்னு கேட்டிருக்கலாம்.”

“உங்க லேப்டாப். உங்க ரூம். நான் எப்படிக் கேக்க?”

செண்பகவல்லி தலையசைத்தார். “அப்போ இந்தக் குறிப்பு எழுதுறதுல உங்களுக்கு ஈடுபாடு இல்லன்னு வச்சுக்கலாமா?”

எபனேசர் குறிப்பின் இரண்டாவது வரியை மறுபடி படித்தார்.

“அந்தப் பொண்ணு எங்க?” என்றார் செண்பகவல்லி.

“வராந்தாவுல நிக்குது. காலையிலேருந்து வீட்டுக்குப் போகல.”

“கூப்பிடுங்க.”

முத்துப்பேச்சி உள்ளே வந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கதவோரமாகவே நின்றாள். அழுது முடித்துக் கழுவிய முகம்.

“தேர்வுல என்னம்மா ஆச்சு?” என்று எபனேசர் கேட்டார். அதட்டலாகக் கேட்கத்தான் நினைத்தார். அதட்டல் வரவில்லை.

“கேள்வியைப் படிச்சுட்டு இருந்தேன் சார். நான் நிமிந்து பாக்கயில லேப்டாப் கறுப்பாப் போயிருச்சு.”

“எதையாவது அமுக்கினியா?”

“இல்ல சார்! நான் ஒண்ணுமே அமுக்கல. அதுவாத்தான் போச்சு. கெட்டுப் போச்சுன்னு பயந்துட்டேன்.”

கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் திரை தானாக அணைந்துவிடும். ஏதாவது ஒரு பொத்தானைத் தொட்டால் திரும்ப வந்துவிடும். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அப்படித்தான் எபனேசர் நினைத்திருந்தார்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?”

“நான்தான் கெடுத்துட்டேன்னு நினைச்சுருவீங்களோன்னு...” அவள் சொல்லி முடிக்கவில்லை. “நேரம் முடியுற வரைக்கும் அப்படியே இருந்தேன் சார்.”

செண்பகவல்லி கேட்டார். “வகுப்புல தர்ஷன் பக்கத்துலதானே இருப்பே? அவன் செய்யும்போது சொல்லிக் கொடுக்க மாட்டானா?”

“தர்ஷன் நல்ல பையன் மேடம். மொத ரெண்டு வாரம் நான் வழிமுறையைச் சொல்லுவேன், அவன் அடிப்பான். அப்புறம் நான் சொல்றதுக்கு முன்னாடியே அடிச்சிருவான். அவனுக்கு வேகம். அதனால நான் சொல்றத விட்டுட்டேன்.”

“நீயும் ஒரு நாள் வாங்கிச் செஞ்சு பாத்திருக்கலாமே?”

முத்துப்பேச்சி எபனேசரைப் பார்த்தாள். எங்கே தப்பு என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“பொறுப்பாளர் மட்டும்தான் தொடணும்னு சார் சொல்லியிருக்காங்க மேடம்,” என்றாள். பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். “நான் தொட்டதே இல்ல சார். சத்தியமா. தர்ஷனக் கேட்டுப் பாருங்க. அவன் தண்ணி குடிக்கப் போனாக்கூட நான் கையைக் கட்டிட்டுத்தான் உக்காந்திருப்பேன்.”

தன்மேல் திருட்டுப் பட்டம் விழுந்துவிடக் கூடாதே என்று கெஞ்சுகிற குரலில் அதைச் சொன்னாள். எபனேசரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் போட்ட ஒரு விதியை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிய ஒரே ஆள் இவள்தான் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. மற்ற பிள்ளைகள் அவர் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் கை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அப்படித்தான். இவள் செய்யவில்லை.

“வெளிய இரும்மா,” என்றார் செண்பகவல்லி. “வீட்டுக்குப் போயிராத.”

அவள் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

எபனேசர் லேப்டாப்பைப் பழையபடி செண்பகவல்லியின் பக்கமே திருப்பி வைத்தார்.

“சும்மா பாஸ் மார்க் போட்டுடட்டுமா மேடம்?”

“அவளுக்கு ப்ராக்டிகல் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாதவளுக்குத் தெரியும்னு போட்டா, நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல அதே கறுப்புத் திரை முன்னாடி உட்காருவா.”

“அப்போ மறுதேர்வு வைக்கலாமா? எனக்கு ஒரு வாரம் போதும். நானே பக்கத்துல இருந்து... இல்ல, அவளையே செய்ய விட்டுச் சொல்லிக் கொடுத்துருவேன்.”

“வைக்கலாம். விதி இருக்கு.”

எபனேசருக்கும் அந்த விதி தெரியும். பாடம் சரியாக நடத்தப்படவில்லை என்று பாடம் நடத்தியவரே எழுதிக் கொடுத்தால் மறுதேர்வு உண்டு. மார்க்கை அதுவரை நிறுத்தி வைப்பார்கள். அப்படி எழுதிக் கொடுத்த ஆசிரியர் யாரையும் இதுவரை அவர் பார்த்ததில்லை.

“நாளைக்குக் கூட்டத்துல நான் பேசணும் மேடம்.”

“ஆமா.”

“என் கோப்பு இந்த மாசம் போகுது.”

“தெரியும்.”

“ஒரு லேப்டாப்கூட உடையல மேடம்.” எபனேசர் பாக்கெட்டிலிருந்த சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்தார். “வருஷக்கணக்கா யாராலயும் முடியாதது. ஒண்ணுகூட உடையல.”

“உண்மைதான். ஒண்ணுகூட உடையல.”

செண்பகவல்லி அதற்குமேல் ஏதாவது சொல்லமாட்டாரா என்று எபனேசர் காத்திருந்தார். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செண்பகவல்லி எழுந்தார். தன் நாற்காலியை விட்டு நகர்ந்து ஜன்னலோரம் போய் நின்றார். நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எபனேசர் எழுந்து அதில் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து திரை தெளிவாகத் தெரிந்தது. மார்க் ஏற்றும் பக்கத்தைத் திறந்தார். முத்துப்பேச்சியின் பெயருக்கு நேரே காலையில் அவரே போட்டு வைத்த பூஜ்யம் இருந்தது. ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

“மேடம், இந்தப் பூஜ்யத்தை எடுத்துடட்டுமா?”

செண்பகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை.

“எடுக்க வேண்டாம் எபனேசர். அது சரியான மார்க்தான். யார் பேருக்கு நேரே போடணும்னு மட்டும் பாத்துக்கங்க.”

எபனேசர், செண்பகவல்லி அடித்து வைத்திருந்த குறிப்பைத் திறந்து முழுவதும் அழித்தார். புதிதாக ஆரம்பித்து, முதல் வரியில் தன் பெயரை அடித்தார்.